‘தூத்துக்குடி’யில் இரண்டு புள்ளி! லினக்ஸில் தமிழ் தட்டத் தடுமாறுகிறவர்களுக்கு...

கணினியில் ‘தூத்துக்குடி’ என்று தட்டுகிறீர்கள். திரையில் ‘தூததுககுடி’ என்று வருகிறது. அழித்துவிட்டு, வேறு ஏதோ ஒரு தமிழ் அமைப்பைத் தேர்ந்தெடுத்து மறுபடி தட்டினால் ‘தஊததஉககஉடஇ’ என்று வந்து நிற்கிறது. கீபோர்டு பழுதா, கணினி பழுதா, தட்டுகிற விரலில்தான் கோளாறா? பெரும்பாலும் மூன்றுமே இல்லை. செட்டிங்ஸில் ஒரே ஒரு தேர்வு தவறியிருக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலைச் சந்திக்கும் வீடுகள் இப்போது கூடியிருக்கக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை ஏற்றிக்கொள்கிறார்கள். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. காசு கிடையாது, பழைய இயந்திரத்திலும் ஓடும். எல்லாம் சரிதான், தமிழ் தட்டும்போது மட்டும் தகராறு.

‘ஒரு புள்ளிதானே, போனால் போகட்டும்’ என்று விட முடியாது. ‘பல் வலி’ என்று விடுப்புக் கடிதம் எழுதப்போய், புள்ளி விழாமல் ‘பல வலி’ ஆகிவிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். பெயரில் புள்ளி விழாவிட்டால் சிரிக்க முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களுக்கான நிவாரணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டுமானால் விண்ணப்பத்திலும் குடும்ப அட்டையிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். ‘அந்தோணி’ என்பது ‘அநதோணி’ ஆகிவிட்டால் மனிதர் படித்துப் புரிந்துகொள்வார். கணினிக்கு அது வேறு ஆள்.

புள்ளியில்லாத தமிழ் பழகிய கரை

வேடிக்கை என்னவென்றால், புள்ளியில்லாத தமிழ் தூத்துக்குடிக் கரைக்குப் புதிதே இல்லை.

தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று நீளும் இந்த முத்துக்குளித்துறைக்கு 16-ஆம் நூற்றாண்டில் வந்து, தமிழ் கற்று, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே வாழ்ந்தவர் ஹென்றிக் ஹென்றிக்ஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார். அண்டிரிக்கி அடிகளார் என்றால் இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியும். அவர் தமிழில் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் என்று அதைச் சொல்வார்கள். எட்டு ஆண்டு கழித்து, 1586-இல், அறுநூறு பக்கங்களுக்கு மேல் உள்ள ‘அடியார் வரலாறு’ வந்தது. கடலில் மூழ்கி முத்தும் சங்கும் எடுத்த பரதவ மக்கள் படிப்பதற்காகச் செய்த வேலை அது.

அந்த முதல் நூலில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி கிடையாது. அச்சுக்கோத்தவர்களின் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொன்னாலும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். அச்சு எழுத்தும் ஓலையில் இருந்ததைப் பார்த்தே வார்க்கப்பட்டது. படிக்கிறவர்கள் இடம் பார்த்து, பொருள் பார்த்து, தாங்களே மனதில் புள்ளி வைத்துப் படித்துக்கொண்டார்கள்.

கணினியின் தேடல் பெட்டிக்கு அப்படி இடம் பார்த்துப் படிக்கத் தெரியாது. அதனால் நாம்தான் சரியாகத் தட்டியாக வேண்டும். அதற்கு முதலில், லினக்ஸ் எங்கே புள்ளியைத் தவறவிடுகிறது என்று தெரிந்துகொள்வோம்.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு

லினக்ஸில் தமிழ் தட்ட இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே பட்டியலில், ஏறத்தாழ ஒரே பெயரில் இருப்பதுதான் குழப்பத்துக்கு வேர்.

முதல் வழி, லேஅவுட் என்கிற விசைப்பலகை அமைப்பு. இந்த விசையைத் தட்டினால் இந்த எழுத்து என்று ஒரு அட்டவணை. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இதற்கு முன்னால் நீங்கள் என்ன தட்டினீர்கள் என்பது அதன் நினைவில் இருக்காது.

இரண்டாவது வழி, இன்புட் மெத்தட் என்கிற உள்ளீட்டு முறை. இது உங்கள் விரலுக்கும் திரைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு நிரல். முன்பு தட்டியதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த விசை வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பார்த்து எழுத்தை அமைக்கும். லினக்ஸில் இந்த வேலையைப் பரவலாகச் செய்வது ‘ஐபஸ்’. அதற்குத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் தட்டச்சு விதிகளைக் கொடுப்பது ‘எம்17என்’. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். பன்மொழியாக்கம் என்பதற்கான நீண்ட ஆங்கிலச் சொல்லில் ‘எம்’முக்கும் ‘என்’னுக்கும் நடுவே 17 எழுத்துகள் இருப்பதால் சுருக்கி இப்படி வைத்துவிட்டார்கள்.

இப்போது தமிழ்99-க்கு வருவோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டின் பரிந்துரையில் பிறந்து, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி. மொத்தம் 31 விசைகளில் தமிழ் முழுக்க அடங்கிவிடும். கிரந்த எழுத்துகளுக்கும் ஆய்தத்துக்கும் ஷிப்ட் விசை. மெய் விசையைத் தட்டி, தொடர்ந்து உயிர் விசையைத் தட்டினால் உயிர்மெய். ‘த’வும் ‘ஊ’வும் சேர்ந்தால் ‘தூ’.

இதில் அழகான விதி ஒன்று உண்டு. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால், முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘ங’வுக்குப் பின் ‘க’, ‘ஞ’வுக்குப் பின் ‘ச’, ‘ந’வுக்குப் பின் ‘த’ என்று இன எழுத்துகள் வந்தாலும் அப்படியே. ‘தூத்துக்குடி’க்குத் தட்ட வேண்டியது த, ஊ, த, த, உ, க, க, உ, ட, இ. பத்தே தட்டு. புள்ளி விசையைத் தொடவே வேண்டாம்.

ஆனால் இந்த விதி வேலை செய்ய, முன்பு தட்டியது நினைவில் இருக்க வேண்டும். வெறும் அட்டவணைக்கு அது இல்லை. பட்டியலில் ‘தமிழ்நெட் 99’ என்ற பெயரைப் பார்த்ததும் ஆசையாய்த் தேர்ந்தெடுத்தவர்கள் ஏமாறுவது இங்கேதான். அது முதல் வழியைச் சேர்ந்த அட்டவணை. ‘தமிழ்99 (எம்17என்)’ என்ற பொருளில் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அடைப்புக்குறிக்குள் ‘எம்17என்’ இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி செய்வது எப்படி?

உபுண்டுவில் செட்டிங்ஸ் போய், கீபோர்டு என்ற பகுதியைத் திறந்தால் ‘இன்புட் சோர்சஸ்’ என்று இருக்கும். கூட்டல் குறியை அழுத்தி, தமிழைத் தேடுங்கள். முதல் பட்டியலில் காணவில்லை என்றால் கீழே உள்ள மூன்று புள்ளியைத் தட்டிப் பார்க்கலாம். அங்கே எம்17என் வகைத் தமிழ்99 இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு சேர்த்த பழைய தமிழ் அமைப்பை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் மறுபடி குழப்பம்தான்.

பட்டியலில் எம்17என் வகையே இல்லையா? கணினியில் அது இன்னும் நிறுவப்படவில்லை என்று பொருள். ‘ஐபஸ்-எம்17என்’ என்ற தொகுப்பை மென்பொருள் மேலாளரிலோ டெர்மினல் வழியாகவோ நிறுவ வேண்டும். இதற்கு மட்டும் இணைய இணைப்பு தேவை. நிறுவியதும் கணக்கிலிருந்து வெளியேறி, அதாவது லாக் அவுட் செய்து, மறுபடி உள்ளே வாருங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு ‘நிறுவியும் வரவில்லையே’ என்று தவிக்கிறவர்கள் அதிகம்.

லினக்ஸ் மின்ட்டில் ‘இன்புட் மெத்தட்’ என்று ஒரு தனிக் கருவி உண்டு. அதில் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி நுழைந்த பிறகு, ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் இடம் மாறலாம். தேட வேண்டிய பெயர்கள் ஐபஸ், எம்17என் இரண்டும்தான்.

தமிழ்நாட்டுத் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் படித்து அரசுத் தேர்வு எழுதியவர்களுக்கு விரல் பழக்கம் வேறு. எம்17என் பட்டியலிலேயே ‘டைப்ரைட்டர்’ என்று இருக்கும். செல்போனில் ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழ் தட்டிப் பழகியவர்களுக்கு ‘ஃபொனெடிக்’. மற்ற இந்திய மொழிகளோடு பொதுவான அமைப்பு வேண்டுமானால் ‘இன்ஸ்கிரிப்ட்’. எது உசத்தி என்ற சண்டை வேண்டாம். கைக்குப் பழகியது எதுவோ அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்கு சொல் சோதனை

அமைத்த பிறகு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான்கு சொற்கள் போதும்.

முத்து: ம, உ, த, த, உ. ஒரே மெய் இரட்டிக்கும்போது புள்ளி விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

சங்கு: ச, ங, க, உ. இன எழுத்துக்குப் புள்ளி விழுகிறதா என்று தெரிந்துவிடும்.

பரதவர்: கடைசி ‘ர்’ தானாக வராது. ‘ர’ தட்டியபின் புள்ளி விசையை நீங்கள்தான் அழுத்த வேண்டும். ஆங்கில ‘எஃப்’ இருக்கும் விசை அது.

வவுனியா: கடலுக்கு அந்தப்புறம் இருக்கும் ஊர். இதை வ, வ என்று தட்டினால் ‘வ்வுனியா’ ஆகிவிடும். இங்கே புள்ளி வேண்டாம் அல்லவா? முதல் ‘வ’வுக்குப் பிறகு ‘அ’ விசையைத் தட்டிவிட்டு அடுத்த ‘வ’வுக்குப் போங்கள். ‘மமதை’யும் இப்படியே.

நான்கும் சரியாக வந்தால் அமைப்பு சரி. பிறகு வரும் பிழை விரலுடையது!

அடிக்கடி வரும் மற்ற தொல்லைகள்

கடவுச்சொல் தவறு என்கிறதா? கணினியைத் திறக்கும் திரையிலும் மொழித் தேர்வு உண்டு. அங்கே தமிழ் இருந்தால், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுவதாக நினைத்துத் தமிழில் தட்டிக்கொண்டிருப்பீர்கள். வெறும் கரும்புள்ளிகளாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. திரையின் ஓரத்தில் உள்ள மொழிக் குறியைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். இன்புட் சோர்சஸ் பட்டியலில் ஆங்கிலத்தை எப்போதும் முதலாவதாக வைப்பது நல்லது. ‘கணினி கெட்டுவிட்டது’ என்று எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கல்யாணப் படங்கள் தப்பிக்கும்.

ஒரு ஜன்னலில் தமிழ், இன்னொன்றில் ஆங்கிலமா? ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி மொழி, எல்லாவற்றுக்கும் ஒரே மொழி என்று இரண்டு விருப்பங்கள் கீபோர்டு பகுதியில் உண்டு. வீட்டில் பலர் புழங்கும் கணினி என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மொழி என்று வைப்பது குழப்பத்தைக் குறைக்கும். உபுண்டுவில் மொழி மாற்ற, விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும்.

மின்னஞ்சல் முகவரியில் போடும் ‘அட்’ குறி வரவில்லையா? இரண்டாம் எண் விசையை ஷிப்டோடு அழுத்தினால் ‘அட்’ குறிக்குப் பதிலாக மேற்கோள் குறி வந்தால், நிறுவும்போது ஆங்கிலம் (பிரிட்டன்) என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நம் ஊர்க் கடைகளில் விற்கும் கீபோர்டு பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. ஆங்கிலம் (அமெரிக்கா) என்று மாற்றிவிடுங்கள். பில் போடுகிறவர்களுக்கு இன்னொரு வசதி: ‘ஆங்கிலம் (இந்தியா, ரூபாய் குறியுடன்)’ என்பதைச் சேர்த்துக்கொண்டால், வலப்பக்க ஆல்ட் விசையோடு 4-ஐ அழுத்த ₹ வரும்.

மாற்றியது மறுநாள் காணோமா? டெர்மினலில் கட்டளை கொடுத்து மாற்றிய அமைப்பு பல நேரம் அன்றைய அமர்வோடு போய்விடும். நிலைக்க வேண்டுமானால் செட்டிங்ஸ் வழியாகவே மாற்றுங்கள்.

புள்ளி வட்டம் தெரிகிறதா? எழுத்து இல்லாமல் கொம்போ காலோ தனியே நின்றால், ‘இங்கே ஓர் எழுத்து இல்லை’ என்று காட்டக் கணினி ஒரு புள்ளி வட்டத்தைப் போடும். பழைய தட்டச்சு முறையில் ‘கெ’ எழுத முதலில் கொம்பைத் தட்டி, பிறகு ‘க’வைத் தட்டுவார்கள். யூனிகோடு முறையில் ‘க’ முதலில், கொம்பு பின்னால் என்றுதான் உள்ளே பதிவாகும். வெறும் அட்டவணையில் பழைய வரிசைப்படி தட்டினால் வட்டம் வரத்தான் செய்யும். எம்17என் வகைக்கு மாறுங்கள்.

கீபோர்டைக் குறை சொல்லக் கூடாத இரண்டு இடங்கள்

பழைய கோப்பைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துகளாக இருக்கிறதா? இது எழுத்துருச் சிக்கல். யூனிகோடு பரவுவதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்பு அது. பாமினியில் ‘அம்மா’ என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே இருக்கும். எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் குட்டு வெளிப்படும். எந்தக் கீபோர்டு செட்டிங்ஸை மாற்றினாலும் இது சரியாகாது. எழுத்துரு மாற்றி என்ற கருவியில் போட்டு யூனிகோடாக மாற்ற வேண்டும். அரசு அலுவலகங்களுக்கும் யூனிகோடுதான் தரம் என்று தமிழக அரசு 2010-இல் ஆணையிட்டுவிட்டது. ஊர்க் கோயில் கணக்கு, பங்குப் பதிவேடு, சங்க உறுப்பினர் பட்டியல் என்று பாமினியில் தூங்குகிற கோப்புகளை அந்த எழுத்துரு கைவசம் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

கண்ணுக்குச் சரியாக இருந்தும் தேடினால் கிடைக்கவில்லையா? ‘ஔவை’ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுகிறவர்கள் உண்டு. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு அது ‘ஒ’வும் ‘ள’வும். ‘சௌந்தரம்’, ‘கௌரி’ போன்ற பெயர்களில் இந்தத் தவறு நிறைய. தமிழ்99-இல் ‘ஔ’வுக்கென்று தனி விசை உண்டு. ஆங்கில ‘இசட்’ இருக்கும் இடம்.

அச்சடிக்கும் முன்...

வீட்டுக் கணினி என்றால் பிழையைக் கண்டதும் திருத்திக்கொள்ளலாம். பிறருக்காக விண்ணப்பம் தட்டிக் கொடுக்கும் கணினி மையம், சங்க அலுவலகம், பள்ளி அலுவலகம் போன்ற இடங்களில் ஒரு பழக்கம் உதவும். காலையில் கணினியைத் திறந்ததும் ‘முத்து, சங்கு, பரதவர், வவுனியா’ என்று ஒரு வரி தட்டிப் பார்த்துவிடுங்கள். முந்தின நாள் வேறு யாராவது அமைப்பை மாற்றியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பெயரைத் தட்டி முடித்ததும் திரையை அந்த ஆளின் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். தன் பெயரில் ஒரு புள்ளி குறைந்தாலும் உரியவர் கண்டுபிடித்துவிடுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பெரியவர் என்றால், குடும்ப அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலைதான். அதை விட்டால், ஒரு புள்ளியைத் திருத்த அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்தில் நிற்க வேண்டிவரும்.